12 வாரம், 9 துறை, ஒரு அடிபம்பு: ஓர் ஆன்லைன் கோர்ஸ் பற்றி

'உலக நீடித்த வளர்ச்சிக்கான பல்துறை அணுகுமுறைகள்' என்று நீளமாகப் பெயர் வைத்த 12 வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைப் போன மாதம்தான் முடித்தேன். நடத்திய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறை நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது, பெயரைப் போட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மார்க் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 3. அந்த மூன்றிலும் இரண்டரை மார்க் ஆறாவது, எட்டாவது வாரங்கள் வாங்கிக் கொடுத்தவை. மீதி பத்து வாரத்துக்கு அரை மார்க், அதுவும் சப்டைட்டில் ஒழுங்காக இருந்ததற்காக.

நான் சிவில் இஞ்சினியர், குடிநீர்த் திட்டங்களில் வேலை. நாங்கள் போட்டுக் கொடுத்த குழாய், தொட்டி எல்லாம் கணக்குப்படி சரியாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி பூட்டிக் கிடக்கும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எந்தக் காரணமும் என் பாடப் புத்தகத்தில் இருக்காது. அந்த அரிப்பில்தான் இந்தக் கோர்ஸில் சேர்ந்தேன். சான்றிதழ் வேண்டாம் என்றால் வீடியோக்களை இலவசமாகவே பார்க்கலாம், வேண்டுமென்றால்தான் கட்டணம். நான் கட்டினேன். அது தப்பா சரியா என்று கடைசியில் வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் வரலாறு. 1972 ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு, 1987ல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை, 1992 ரியோ மாநாடு, 2000ல் ஐ.நா.வின் புத்தாயிரம் ஆண்டு இலக்குகள் எட்டு, 2015ல் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17, அவற்றுக்குக் கீழே 169 உப இலக்குகள். இதைத் தெரிந்துகொள்ள வீடியோ வேண்டாம், ஒரு பக்கம் போதும். நீடித்த வளர்ச்சி என்றால், வருங்காலத் தலைமுறை தன் தேவையைப் பார்த்துக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வது என்ற அந்தப் புகழ்பெற்ற வரையறையை மட்டும் நாலு வீடியோவில் நாலு பேர் வாசித்துக் காட்டினார்கள். அந்த வரையறையைத் தந்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய க்ரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் அடிப்படையில் ஒரு டாக்டர், அப்புறம் நார்வேயின் பிரதமர். பல்துறை பற்றிய கோர்ஸில் அதையாவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து துறைகளின் ஊர்வலம். சூழலியல், பொருளாதாரம், அரசியல், பொறியியல், பொதுச் சுகாதாரம், சட்டம், மானுடவியல் என்று ஒன்பது துறை, ஒன்பது பேராசிரியர். ஆளாளுக்குத் தன் ஸ்லைடைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முன்னால் வந்தவர் என்ன சொன்னார் என்று பின்னால் வந்தவர் பார்த்த மாதிரியே இல்லை. என் பெரிய புகார் இதுதான். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் என்று சொல்ல முடியுமா?

ஒரே ஒரு உதாரணம். மூன்றாவது வாரம் வந்த சூழலியல் பேராசிரியர், காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் 1968ல் எழுதிய கட்டுரையை வைத்து ஒரு மணி நேரம் பேசினார். மேய்ச்சல் நிலம் பொதுவாக இருந்தால் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை ஓட்டி வருவான், கடைசியில் நிலம் மொட்டையாகிவிடும், ஆகவே ஒன்று அரசு கையில் இருக்க வேண்டும் அல்லது தனியார் கையில் இருக்க வேண்டும் என்று முடித்தார். சரி. ஐந்தாவது வாரம் அரசியல் பேராசிரியர் வந்து எலினார் ஆஸ்ட்ரமைப் பற்றிப் பேசினார். சுவிஸ் மலைக் கிராமத்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயினில் வலென்சியா பக்கத்துப் பாசன வாய்க்கால், நேபாளத்தில் விவசாயிகளே நடத்தும் பாசனம் என்று ஆட்கள் தாங்களே விதி போட்டு, தாங்களே காவல் பார்த்து, தப்பு செய்தவனுக்குச் சின்னதாக ஆரம்பித்துப் படிப்படியாக அபராதம் போட்டு நூற்றாண்டுக் கணக்கில் பொதுச் சொத்தைக் காப்பாற்றிய கதைகள். இதற்குத்தான் அவருக்கு 2009ல் பொருளாதார நோபல் கிடைத்தது, அவர் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை, அரசியல் அறிவியல்காரர். அதாவது ஐந்தாம் வாரம் சொன்னது மூன்றாம் வாரம் சொன்னதற்கு நேர் மறுப்பு. இரண்டு வீடியோவிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது! குவிஸில் மட்டும் ஹார்டினுக்கு ஒரு மார்க், ஆஸ்ட்ரமுக்கு ஒரு மார்க். இரண்டையும் சரி என்று டிக் அடித்தால் முழு மார்க். நான் வாங்கினேன்.

ஆறாவது வாரம்தான் கோர்ஸுக்கு உயிர் வந்தது. மீன்பிடி விளையாட்டு. ஒன்றையொன்று பாதிக்கும் விஷயங்களைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்கும் சிஸ்டம் டைனமிக்ஸ் துறைக்காரர் டென்னிஸ் மெடோஸ் உருவாக்கிய விளையாட்டின் ஒரு வடிவம், திரையில் ஆடலாம். ஐந்து அணி, ஆளுக்குக் கொஞ்சம் படகு, ஒரு கடல். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை படகு வாங்குவது, எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டும். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பிடிபடுவதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். எங்கள் அணியில் ஒரு நர்ஸ், ஒரு கணக்காளர், ஒரு பள்ளி ஆசிரியை, நான். எல்லாரும் ஹார்டினையும் ஆஸ்ட்ரமையும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தோம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் இருந்தது. நாலாவது சுற்றில் பிடிப்பு நன்றாக இருந்ததால் எல்லா அணியும் படகு வாங்கியது. ஆறாவது சுற்றில் பிடிப்பு பாதி. ஏழாவதில் கடல் காலி. அதிகப் படகு வாங்கியது யார் அணி தெரியுமா? கடல்சார் உயிரியல் படித்த இருவர் இருந்த அணி. 'மற்றவர்கள் வாங்குவார்கள் என்று தெரிந்ததால் முந்திக்கொண்டோம்' என்றார் அவர்களில் ஒருவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அதன் பிறகு போட்ட வீடியோ நன்றாக இருந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் கரையில் நூற்றாண்டுக் கணக்கில் பிடித்துவந்த காட் மீன் 1992 ஜூலையில் மொத்தமாகத் தடை செய்யப்பட்ட கதை. 1980களிலேயே கரையோரச் சிறு மீனவர்கள் மீன் சின்னதாகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கணக்கோ ஆழ்கடல் டிராலர்களின், அதாவது பெரிய இழுவலைக் கப்பல்களின், பிடிப்பை வைத்தும் ஓடியது. டிராலரிடம் கருவி இருக்கிறது, மீன் எங்கே கூட்டமாக ஒதுங்கியிருக்கிறதோ அங்கே தேடிப் போய்ப் பிடிக்கும், ஆகவே கடலில் மீன் குறைந்தாலும் அதன் பிடிப்பு குறையவில்லை. விளையாட்டில் நாலாவது சுற்றில் நாங்கள் ஏமாந்ததும் ஏறக்குறைய இதே மாதிரிதான். முதல்முறையாக மீன் உயிரியல், புள்ளியியல், படகுத் தொழில்நுட்பம், மீனவர் சொன்ன பேச்சு எல்லாம் ஒரே கேள்விக்குள் வந்து நின்றன.

ஏழாவது வாரம் பொருளாதாரம். பேச்சு வறட்சி, ஆனால் அதில் ஒரு பயிற்சி என்னைத் தூங்கவிடவில்லை. இன்னும் 100 வருடம் கழித்து நடக்கப்போகிற 100 ரூபாய் நஷ்டத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? வருங்காலப் பணத்தின் மதிப்பை வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வருவதுதான் தள்ளுபடி விகிதம். அதை 5 சதவீதம் என்று போட்டால் 76 பைசா. 1.4 சதவீதம் என்று போட்டால் ஏறக்குறைய 25 ரூபாய். ஒரே நஷ்டம், ஒரே வெள்ளம், ஒரே பேரப்பிள்ளைகள். பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி 2006ல் பிரிட்டனில் வந்த ஸ்டெர்ன் அறிக்கை இந்தக் கீழ் எண்ணை ஒட்டிப் போட்டதால்தான் இப்போதே செலவு செய் என்று சொன்னது, நார்ட்ஹவுஸ் போன்ற பொருளாதார நிபுணர்கள் அந்த எண் மிகவும் கம்மி என்று எதிர்த்தார்கள். பிறக்காத ஒருவரின் வாழ்வை எவ்வளவு மதிப்பது என்பது எக்செலில் ஒரு செல்லில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு தத்துவப் பேராசிரியரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கோர்ஸில் தத்துவமும் உண்டு, பதினோராவது வாரத்தில், தள்ளுபடி விகிதம் என்ற பேச்சே இல்லாமல்.

சரி, எட்டாவது வாரத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

வங்கதேசத்து அடிபம்புகள். குளத்துத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்ததால் 1970களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அப்புறம் மக்களே தங்கள் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கிருமி இல்லாத தண்ணீர், மலிவான பம்பு, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யலாம். இஞ்சினியராக எனக்கு இதைவிட அழகான திட்டம் இல்லை. ஆனால் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, தோலில் புள்ளி விழுவதற்கே பத்து வருடம் போல ஆகும். பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, வரலாற்றிலேயே ஒரு மக்கள் தொகுதிக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் என்று இதைச் சொன்னது.

கோர்ஸ் இந்தக் கதையை நாலு முறை சொல்கிறது, நாலு வாயால். முதலில் நிலவியலாளர்: இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் இருக்கிறது, காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. இதில் விசித்திரம், ஒரு வீட்டுப் பம்பில் நஞ்சு இருக்கும், சில பத்து மீட்டர் தள்ளிப் பக்கத்து வீட்டில் இருக்காது. அடுத்து டாக்டர்: எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983லேயே நோயாளிகளின் உள்ளங்கையையும் தோலையும் பார்த்து இது ஆர்சனிக் என்று கண்டுபிடித்துவிட்டார். வங்கதேசத்துக் கிணற்றில் அதைக் கண்டுபிடித்தது 1993ல். இடையில் பத்து வருடம். வண்டல் ஒரே வண்டல்தான், எல்லைக்கோடு மண்ணுக்கடியில் கிடையாது. அந்தப் பத்து வருடமும் தோல் டாக்டரின் தகவல் பம்பு போடுகிறவன் மேசைக்கு வரவில்லை. 1992ல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் அங்கே தண்ணீரைப் பரிசோதித்தது, பட்டியலில் ஆர்சனிக் இல்லை. அதற்காக அந்த ஆய்வகத்தின் மேல் போட்ட வழக்கு, 2006ல் அன்றைக்குப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தள்ளுபடி ஆனது.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கையெழுத்துப் போட்ட நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் எத்தனை பொருளைப் பரிசோதித்தோம், அந்தப் பட்டியலை யார் முடிவு செய்தது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த பட்டியல். அவருக்கு முன்னால் இருந்தவர் வைத்த பட்டியலாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வாய், நிர்வாகம். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைப் பரிசோதித்து, மோசமானதற்குச் சிவப்பு, பரவாயில்லாததற்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். எளிமையான வேலை, நல்ல பலனும் கிடைத்தது. ஓர் ஆய்வுப் பகுதியில் சிவப்பு என்று தெரிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேறு கிணற்றுக்கு மாறினார்கள். ஆனால் வங்கதேசத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. ஆக, பச்சைப் பம்பில் 40 இருந்தாலும் அது பச்சைதான். நாலாவது வாய் மானுடவியலாளர்: பச்சைப் பம்பு பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் குடத்தோடு எப்படிப் போவார்கள்? இதோடு முடியவில்லை. ஆர்சனிக் பயத்தில் கிணற்றைக் கைவிட்டுப் பழையபடி மேல்தண்ணீருக்குப் போன குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியதாக ஒரு பொருளாதார ஆய்வு சொல்கிறது. ஒரு நோயைத் துரத்தியதில் விரட்டிவிட்ட பழைய நோய் திரும்பி வந்துவிட்டது.

பயிற்சி இப்படி: ஒரு கிராமத்து வரைபடம், சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். அணியில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தகவல் தாள், அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது, பேசி மட்டும் முடிவு செய்ய வேண்டும். ஆழமான அடுக்கில் பொதுவாக ஆர்சனிக் குறைவு, ஆகவே ஒரு ஆழ்குழாய்க் கிணறு போடலாம் என்று முடிவாகி, எங்கே போடுவது என்ற கேள்வி வந்ததும் நான் இரண்டு நிமிடத்தில் இடம் குறித்துவிட்டேன். எல்லா வீட்டிலிருந்தும் சராசரி நடைதூரம் குறைவாக இருக்கும் புள்ளி. ஆசிரியை தன் தாளைப் பார்த்துவிட்டு, 'சார், அந்த இடம் கடைத்தெரு முக்கு. ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற இடம்னு போட்டிருக்கு. பொம்பளைங்க அங்கே தண்ணிக்கு வர மாட்டாங்க' என்றார். நர்ஸ், ராத்திரியில் தண்ணீர் தேவைப்பட்டால் யார் போவது என்று கேட்டார். கணக்காளர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாஷர் தேய்ந்தால் யார் காசு போடுவது, எந்தக் கணக்கில் எழுதுவது என்றார். கடைசியில் நாங்கள் குறித்த புள்ளி என் கணக்குப்படி நடைதூரத்தைக் கூட்டிவிட்ட புள்ளி. சரியான புள்ளியும் அதுதான். பூட்டிக் கிடந்த என் தொட்டிகள் இரண்டுக்கு அன்றைக்குக் காரணம் தெரிந்தது.

இப்படி ஒரு வாரத்தை வடிவமைக்கத் தெரிந்தவர்கள் மற்ற வாரங்களை ஏன் அப்படி விட்டார்கள் என்றுதான் கோபம் வருகிறது. ஒன்பதாவது வாரம் ஓசோன். குளிர்சாதனப் பெட்டியில் போடும் சிஎஃப்சி வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று 1974ல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் சொன்னது, 1985ல் அண்டார்டிகாவில் ஓட்டை தெரிந்தது, அந்த வாயுக்களைக் குறைக்க 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை, வளரும் நாடுகளுக்குப் பத்து வருடக் கூடுதல் அவகாசம், மாற்றுத் தொழில்நுட்பத்துக்குத் தனி நிதி, கடைசியில் உலகத்தின் எல்லா நாடுகளும் கையெழுத்து. வேதியியல், ராஜதந்திரம், தொழிற்சாலைக் கணக்கு மூன்றும் ஒன்றாக ஓடி ஜெயித்த ஒரே பெரிய கதை. அதற்குக் கொடுத்தது 11 நிமிடம்.

பத்தாவது வாரம் 17 இலக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றுக்கு உதவுமா இடிக்குமா என்று மைனஸ் 3லிருந்து பிளஸ் 3 வரை மார்க் போடும் பயிற்சி. நல்ல கருவிதான், மூன்று நாலு இலக்கை எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போட்டால் யோசிக்க வைக்கும். இவர்கள் 136 ஜோடியையும் நிரப்பச் சொன்னார்கள், இடம் எது என்று சொல்லாமல். இடம் தெரியாமல் அணைக்கட்டுக்கு எப்படி மார்க் போடுவது? மின்சாரத்துக்குப் பிளஸ், ஆற்று மீனுக்கு மைனஸ், மீதியெல்லாம் எந்த ஆறு என்பதைப் பொறுத்தது. நாற்பதாவது ஜோடிக்கு மேல் நான் எல்லாவற்றுக்கும் பிளஸ் 1 போட்டேன். மற்றவர்களும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று அடுத்த வாரம் தெரிந்தது, ஏனென்றால் ஒருவருக்கொருவர் நாங்களேதான் மார்க் போட்டுக்கொண்டோம்.

அந்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுதி அறிக்கையைச் சக மாணவர் மூன்று பேர் திருத்துவார்கள், ஆசிரியர் பார்க்கவே மாட்டார். எங்கள் அறிக்கையில் 'மீள்திறன்' என்ற சொல் 14 இடத்தில் வந்தது. நான் எழுதிய இடத்தில் அதற்கு அர்த்தம், அடி விழுந்தபின் பழைய நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது. ஆசிரியை சூழலியல் வாசித்தவர், அவர் எழுதிய இடத்தில் அர்த்தம், எவ்வளவு அடி வாங்கினாலும் வேறு நிலைக்குச் சரியாமல் தாங்குகிறது. இரண்டும் வேறு வேறு என்று ஹாலிங் என்ற சூழலியலாளர் எப்போதோ பிரித்துக் காட்டியிருக்கிறார். இது புரியாமல் இரண்டு நாள் சண்டை போட்டோம், கணக்காளர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பகுதியை விளக்கி ஒரு பத்தி சேர்த்தோம், அறிக்கையிலேயே உருப்படியான பத்தி அதுதான். திருத்திய ஒருவர் 'தலைப்புக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதி இரண்டு மார்க் குறைத்தார். மேல்முறையீடு செய்யப் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் நன்றி என்று வருகிறது.

யாருக்கு இது ஆகும்? கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறவர்கள் முழுசாகப் பார்க்கலாம், சொற்களாவது பழகும். வேலையில் இருக்கிறவர்கள் காசு கட்ட வேண்டாம், 3, 5, 6, 8 வாரங்களை மட்டும் இந்த வரிசையில் பாருங்கள், ஹார்டினையும் ஆஸ்ட்ரமையும் ஒரே நாளில் பாருங்கள். தனியாகப் பார்க்காதீர்கள், உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், முடிந்தால் ஒரு கணக்காளர். எட்டாவது வாரப் பயிற்சிக்கு அணி வேண்டும், அது கட்டணம் கட்டியவர்களுக்குத்தான் திறக்கிறது. அதனால்தான் நான் கட்டியது தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

சான்றிதழ் வந்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தச் சொல்லி மெயில் போட்டேன், அது தொழில்நுட்பப் பிரிவு என்றார்கள். அவர்களிடம் கேட்டால், பாடப்பிரிவு அனுமதி கொடுக்க வேண்டுமாம். மூன்று வாரமாகிறது.